சுவரேறிய ஹில்யா

உருவப்படம் மாட்டாத இல்லத்தின் சுவர் வெறுமையாகத்தான் இருக்க வேண்டுமா? இவ்வினாவுக்கு உதுமானியத் துருக்கியர் எழுதுகோலால் விடை கூறினர். அவ்விடையே ஹில்யா.

அணி என்றும் தோற்றப் பொலிவு என்றும் பொருள்படும் இவ்வரபுச் சொல்லால் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமேனி வருணனையைக் குறித்தனர். இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் 'ஷமாயில்' ஓதியோர் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களின் அறிவிப்பை நன்கறிவர். பெருமானாரைத் திடீரெனக் கண்டவர் அஞ்சினர். பழகி அறிந்தவரோ நேசித்தனர் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. ஒரு காலத்தில் இவ்வருணனையைத் தாளில் எழுதி, மடித்து, நெஞ்சருகே சட்டைப்பையில் வைத்துக்கொள்வது துருக்கியர் வழக்கம். அதனைச் சுவருக்கு ஏற்றியவர் இஸ்தன்பூலின் எழுத்துக்கலை மேதை ஹாபிழ் உஸ்மான் (1642 - 1698).

அவர் வகுத்த அமைப்பு எளியது. உச்சியில் பிஸ்மில்லாஹ். அதன்கீழ் பெரியதொரு வட்டத்துள், நஸ்க் எழுத்தில், வருணனையின் பெரும்பகுதி. வட்டத்தைப் பொன்மயமான பிறை தழுவி நிற்கும். நான்கு மூலைகளிலும் நான்கு கலீபாக்களின் திருநாமங்கள். வட்டத்தின் அடியில், பெருமானாரை அகிலங்களின் அருட்கொடையெனக் கூறும் அல்அன்பியா அத்தியாயத்தின் 107-ஆம் வசனம் பெரும்பாலும் இடம்பெறும். எஞ்சிய வருணனையும் துஆவும் எழுதியவர் பெயரும் அடிப்பகுதியில் வரும். நடுவட்டத்தைத் துருக்கியர் 'கொப்பூழ்' என்றும் அடிப்பகுதியை 'ஆடை விளிம்பு' என்றும் அழைத்தனர். உருவம் வரையாமலே ஓர் ஆளைச் சுவரில் நிறுத்திவிட்டார்கள்!

தாளுக்கு முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசிக் கல்லால் மெருகேற்றினர். விளக்குக் கரியும் வேலம்பிசினும் சேர்ந்த மை அதனுள் ஊறாது. பிழை நேர்ந்தால் ஈரத்தால் துடைத்துவிடலாம். ஹாபிழ் உஸ்மான் எழுதுகையில் அவர் மாணவரான சுல்தான் இரண்டாம் முஸ்தபா மைக்கூடு ஏந்தி நின்றார் என்றொரு செய்தி வழங்குகிறது.

ஹில்யா உள்ள வீட்டைத் தீயும் துன்பமும் அணுகா என்ற நம்பிக்கையும் பரவிற்று. இந்நம்பிக்கையால் தொங்கவிட்டவர் பலர்; படித்தவர் சிலரே என எண்ண இடமுண்டு. படிப்பதற்காகவே எழுதப்பட்டது தாயத்தாகிவிட்டது. நம் வீடுகளிலும் வாசலுக்கு மேலுள்ள அச்சுப்படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளை கேட்டால் விடை கூறுவோர் எத்தனை பேர்?

1928 நவம்பரில் துருக்கி இலத்தீன் எழுத்துக்கு மாறியது. அரபுமொழி புரியாதவரும் எழுத்துக்கூட்டி வாசித்த தலைமுறை மெல்ல மறைந்தது. பேரப்பிள்ளைகள் பலருக்குப் பாட்டனார் மாட்டிய ஹில்யா வெறும் கோலமாயிற்று. ஆனால் சுவரிலிருந்து அதை இறக்க மனம் வராத குடும்பங்கள் இருந்தன. எழுதுகோலைக் கீழே வைக்காத ஆசிரியர்களும் இருந்தனர். அவருள் ஒருவரான ஹாமித் ஐதாச், 1982-இல் மறையும்வரை இஸ்தன்பூலில் எழுதினார், கற்பித்தார். பக்தாதின் ஹாஷிம் முஹம்மதும் அவரிடம் இஜாஸத் பெற்றவரே. இன்றும் அக்கலை பயில்வோர் பலர் ஹில்யா ஒன்றை எழுதி முடித்தே இஜாஸத் பெறுகின்றனர். அதன் அடியில் ஆசிரியர் தம் கையாலேயே அனுமதி எழுதிக் கொடுக்கிறார்.