நீதி தேவதையின் ஒண்டுக் குடித்தனம்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று நம் நாட்டிலே ஒரு பழமொழி வழங்குகிறது. ஒண்டுக் குடித்தனம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் முழுப் பொருளும் விளங்கும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வந்த விருந்தாளி சற்று உரக்கச் சிரித்துவிட்டால் அடுத்த கட்டிலிருந்து ஒரு கனைப்புக் கேட்கும். மாதம் தவறாமல் வாடகை கொடுத்தாலும், இது நம்முடைய இடமன்று என்ற நினைவு மட்டும் மனத்தை விட்டு அகலாது.

தனி மனிதர் ஒருவர் இப்படிக் காலந் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு பெரிய தேசத்தின் உச்ச நீதிமன்றமே 145 ஆண்டுகள் இப்படிக் காலந் தள்ளியது என்றால் நம்பத் தோன்றுகிறதா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1790 முதல் 1935 வரை சொந்த வீடு இல்லாமலே இருந்தது. அதிலும் ஒரு விசித்திரம். அதற்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர், சட்டம் இயற்றும் காங்கிரஸ் சபை. அந்தச் சபை இயற்றிய சட்டம் செல்லுமா, செல்லாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதோ குடியிருந்த நீதிமன்றம்! நீதிக்குச் சொந்த வீடு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியை இந்த வரலாற்றைக் கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

1790-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நியூயார்க் நகரில், வணிகர்கள் கூடும் மண்டபம் ஒன்றில், அந்த நீதிமன்றம் முதன்முதலாகக் கூடிற்று. தலைநகரம் பிலடெல்பியாவுக்கு மாறியதும் நீதிமன்றமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே சென்று, முதலில் மாகாண அரசாங்க மாளிகையிலும் பிறகு நகர மண்டபத்திலும் ஒதுங்கியது. 1800-இல் தலைநகரம் வாஷிங்டனுக்குப் பெயர்ந்தது. புதிய நகரத்திலே காங்கிரஸ் சபைக்கு ஒரு மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. ஜனாதிபதிக்கும் ஒரு மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது துறையாகிய நீதித் துறைக்கு மட்டும் ஒரு கூரைகூட இல்லை. இறுதியில் 1801-ஆம் ஆண்டு, கேபிடல் என்னும் காங்கிரஸ் மாளிகையின் கீழ்த் தளத்தில், கமிட்டிகள் கூடுவதற்கென்று வைத்திருந்த அறை ஒன்றை மனமிரங்கிக் கொடுத்தார்கள்.

அவ்வாறு ஒதுங்கியிருந்த நீதிமன்றம் தலை குனிந்து நடந்ததா என்றால், இல்லை. 1801-இல் பிரதம நீதிபதிப் பதவியை ஏற்றவர் ஜான் மார்ஷல். மறு ஆண்டிலேயே காங்கிரஸ் சபை ஒரு சட்டம் செய்து நீதிமன்றத்தின் அமர்வுக் காலத்தை மாற்றிவிட்டது. அதனால் 1801 டிசம்பருக்குப் பிறகு 1803 பிப்ரவரி வரையில் அந்த நீதிமன்றம் கூடவே முடியவில்லை. மீண்டும் கூடியபோது மார்பரி என்பவரின் வழக்கு காத்திருந்தது. முந்திய ஜனாதிபதி அளித்த நியமனப் பத்திரத்தைப் புதிய அரசாங்கம் தராமல் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அவருடைய முறையீடு. அச்சமயம் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சேஸ் நடக்க இயலாதபடி நோயுற்றிருந்தார். ஆகவே அவர் தங்கியிருந்த ஸ்டெல் ஹோட்டலின் கூடத்திலேயே மற்ற நீதிபதிகளும் கூடினார்கள். 1803 பிப்ரவரி 24-ஆம் தேதி, அந்த ஹோட்டல் கூடத்தில், அரசியல் சட்டத்துக்கு முரணாகக் காங்கிரஸ் சபை இயற்றும் சட்டம் செல்லாது என்ற தீர்ப்பை மார்ஷல் வாசித்தார். இன்று உலகில் பல நாட்டு நீதிமன்றங்கள் செலுத்தும் அதிகாரத்துக்கு அந்தத் தீர்ப்பு ஒரு மூலாதாரம். அது பிறந்த இடம் வழிப்போக்கர் தங்கும் விடுதி!

அக்காலத்தில் நீதிபதிகளுக்குத் தனி அலுவலக அறை என்பதே கிடையாது. அமர்வுக் காலத்தில் எல்லோரும் ஒரே சாப்பாட்டு விடுதியில் தங்குவார்கள். உணவு முடிந்தபின் அந்த மேஜையைச் சுற்றியே வழக்குகளை விவாதிப்பார்கள். அவர்களிடையே ஓர் ஏற்பாடு இருந்ததாம்: மழை பெய்யும் நாளில்தான் மது அருந்தலாம். ஒரு நாள் வானம் தெளிவாக இருக்கக் கண்ட மார்ஷல், “நம் நீதிமன்றத்தின் அதிகார எல்லை மிகவும் விசாலமானது, அதில் எங்கேயாவது மழை பெய்துகொண்டுதான் இருக்கும்” என்று சொல்லிக் கோப்பையை எடுத்தாராம். நீதிபதி ஸ்டோரி இதைச் சொல்லி மகிழ்வதுண்டு என்பார்கள். கதையோ, நடந்ததோ, அவர்கள் ஒரு குடும்பம்போல் வாழ்ந்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

பின்னர் செனட் சபை கூடும் மண்டபத்துக்குக் கீழே, நீதிமன்றத்துக்கென்று ஒரு கூடத்தை லத்ரோப் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தார். அதற்காக எழுப்பிய வளைவுக் கூரை 1808-இல் இடிந்து விழுந்தது. வேலையை மேற்பார்வை செய்துவந்த ஜான் லெந்தால் என்பவர் அதன் அடியில் சிக்கி உயிரிழந்தார். 1810-இல் நீதிமன்றம் அந்தக் கூடத்தில் குடியேறிற்று. நான்கே ஆண்டுகளில் மற்றொரு விபத்து வந்தது. 1814 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஆங்கிலப் படையினர் காங்கிரஸ் மாளிகைக்குத் தீ வைத்தார்கள். மறுபடியும் தெருவுக்கு வந்த நீதிமன்றத்துக்குத் தம் சொந்த வீட்டையே ஒழித்துக் கொடுத்தவர் அதனுடைய குமாஸ்தா எலியாஸ் கால்ட்வெல். 1819-இல்தான் செப்பனிட்ட பழைய கூடத்துக்கு அது திரும்ப முடிந்தது.

அந்தக் கூடம் குடையை விரித்தாற்போன்ற வளைவுக் கூரை உடையது, அழகானது. நீதிபதிகளின் முதுகுப் புறத்தில் சாளரங்கள் இருந்தன. அழகான கூடத்தில் அழகான நீதி பிறந்ததா? 1857-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6-ஆம் தேதி, டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், நீக்ரோ இனத்தவர் அந்நாட்டின் பிரஜைகளாக முடியாது என்ற தீர்ப்பைப் பிரதம நீதிபதி டேனி வழங்கியது அங்கேதான். உள்நாட்டு யுத்தத்தை விரைவில் வரவழைத்த காரணங்களில் அதுவும் ஒன்று. விடுதிக் கூடத்தில் பிறந்த தீர்ப்பு நாட்டுக்குப் பெருமை சேர்த்தது. வளைவுக் கூரையின் கீழ்ப் பிறந்த தீர்ப்பு மாறாத பழியைச் சேர்த்தது. கட்டடத்தின் அழகு நீதிபதியின் நெஞ்சுக்குள் புகுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

செனட் சபை புதிய மண்டபம் கட்டிக்கொண்டு போனதும், அது கழித்துவிட்ட பழைய மண்டபம் 1860-இல் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. அண்ணன் உடுத்திக் கழித்த சட்டையைத் தம்பிக்குப் போடுவதுபோல்தான். மேலங்கி அணியும் அறை ஒரு புறம், வழக்கு மண்டபம் மறு புறம். நீதிபதிகள் பொதுமக்கள் நடமாடும் நடைவழியைக் கடந்துதான் ஆசனத்துக்குச் செல்ல வேண்டும். படிப்பதும் எழுதுவதும் வீட்டிலேதான். இப்படி 75 ஆண்டுகள் சென்றன.

இந்நிலையை மாற்றியவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். 1909 முதல் 1913 வரை ஜனாதிபதியாக இருந்து, 1921-இல் பிரதம நீதிபதியானவர். இரண்டு பதவிகளையும் வகித்தவர் அவர் ஒருவரே. ஜனாதிபதி மாளிகையில் வாழ்ந்துவிட்டு வந்தவருக்கு, நீதிமன்றம் பிறர் வீட்டில் ஒதுங்கியிருப்பது பொறுக்கவில்லை. அவருடைய விடாமுயற்சியால் 1928 டிசம்பரில் காங்கிரஸ் சபை ஒரு கட்டடக் கமிஷனை அமைத்தது. நியூயார்க் நகரின் வுல்வொர்த் மாளிகையைக் கட்டிப் புகழ்பெற்ற காஸ் கில்பர்ட் இதற்கும் வரைபடம் வகுத்தார்.

அவர்கள் தேர்ந்தெடுத்த மனையின் கதை சுவையானது. 1814-இல் தன் மாளிகை எரிந்தபோது காங்கிரஸ் சபையும் வீடற்றுத்தான் நின்றது. தலைநகரம் வேறு ஊருக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய உள்ளூர்ப் பிரமுகர்கள் பணம் திரட்டி ஒரு செங்கற் கட்டடம் எழுப்பி, அதைச் சபைக்கு வாடகைக்கு விட்டார்கள். 1815 முதல் 1819 வரை காங்கிரஸ் சபை அங்கே குடியிருந்தது. ஆம், வீட்டுக்காரரே ஒரு காலத்தில் குடக்கூலிக்கு இருந்த இடம் அது! பிறகு அது சாப்பாட்டு விடுதியாயிற்று. உள்நாட்டு யுத்தத்தில் சிறைச்சாலையாயிற்று. கடைசியில் பெண்களின் உரிமைக்குப் போராடிய தேசியப் பெண்கள் கட்சியின் தலைமையகமாயிற்று. அந்தக் கட்சியிடமிருந்துதான் அரசாங்கம் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டது. அவர்களும் எளிதில் விடவில்லை. தக்க நஷ்ட ஈட்டுக்காக வழக்காடினார்கள். அந்த மனையில் எழுந்த மாளிகையின் நீதிபதி ஆசனத்தில் முதன்முதலாக ஒரு பெண்மணி அமர்ந்தது 1981-இல். அவர் சாண்ட்ரா டே ஓகானர்.

டாஃப்ட் 1930-இல் காலமானார். கில்பர்ட் 1934-இல் காலமானார். வீட்டுக்கு ஆசைப்பட்டவரும் வரைந்தவரும் கிருகப்பிரவேசத்துக்கு இல்லை. 1932 அக்டோபரில் பிரதம நீதிபதி ஹியூஸ் முன்னிலையில் அடிக்கல் நாட்டினார்கள். 1935 அக்டோபரில் நீதிமன்றம் குடிபுகுந்தது. ஒதுக்கிய தொகை 97,40,000 டாலர். சாமான்கள் உட்பட எல்லாம் முடிந்தபின் ஏறக்குறைய 94,000 டாலர் மிச்சப்பட்டுக் கஜானாவுக்குத் திரும்பியது. அரசாங்கக் கட்டட வேலையில் மிச்சம் என்பது எந்த நாட்டிலும் அபூர்வம்தான்.

ஆனால் புது வீடு எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. ஆடம்பரம் மிகுதி என்று நீதிபதி ஸ்டோன் குறைப்பட்டார். நீதிபதி பிராண்டைஸ் தமக்கென ஒதுக்கிய அறைகளைப் பயன்படுத்தவே மறுத்து, முன்போல் வீட்டிலிருந்தே எழுதிவந்தார். அவர்களுடைய அச்சம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். முகப்பிலே ‘சட்டத்தின் கீழ் யாவர்க்கும் ஒத்த நீதி’ என்று பொறித்த அந்தச் சலவைக்கல் மாளிகையில்தான், ஜப்பானிய வமிசத்தவரை யுத்த காலத்தில் இருப்பிடத்தை விட்டு அகற்றியது செல்லும் என்ற தீர்ப்பு 1944-இல் பிறந்தது. நிறத்தின் பேரால் குழந்தைகளைப் பள்ளிக்கூடங்களில் பிரித்து வைக்கலாகாது என்ற தீர்ப்பு 1954-இல் பிறந்ததும் அங்கேதான்.

அப்படியானால் சொந்த வீட்டினால் என்ன பயன்? இதற்கு விடை காண நீதித் துறையின் கணக்குப் புத்தகத்தைச் சற்றுப் புரட்ட வேண்டும். உச்ச நீதிமன்றம் தவிர, நாடெங்கும் உள்ள மத்திய நீதிமன்றங்களின் வரவு செலவுகளையும் தளவாடங்களையும் 1939 வரை கவனித்து வந்தது அரசாங்கத்தின் நீதி இலாகா. அந்த இலாகாதான் அதே நீதிமன்றங்களில் நாள்தோறும் அரசாங்கத்தின் சார்பில் வழக்காடி வந்த கட்சிக்காரர்! வாதியின் கையிலிருந்து நீதிபதி பேனாவையும் காகிதத்தையும் வாங்க வேண்டியிருந்தது. டாஃப்ட் 1922-இல் மூத்த நீதிபதிகளின் மாநாடு ஒன்றைச் சட்டபூர்வமாக அமைக்கச் செய்தார். அதுவே வளர்ந்து அந்நாட்டு நீதித் துறையை ஆளும் சபையாயிற்று. 1939-இல் அதன் மேற்பார்வையில் ஒரு நிர்வாக அலுவலகம் பிறந்து, பணப் பொறுப்பு நீதி இலாகாவை விட்டு நீதித் துறையின் கைக்கே வந்தது.

அந்த அலுவலகம் முதலில் உச்ச நீதிமன்ற மாளிகையிலேயே ஒண்டியிருந்தது. பின் அதுவும் பெருகி, நகரின் பல கட்டடங்களில் சிதறிற்று. 1988-இல் காங்கிரஸ் சபை ஒரு புது வழி கண்டது. ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த அரசாங்க நிலத்தில் தனியார் தம் பணத்தில் கட்டடம் எழுப்புவது. நீதித் துறை நெடுங்காலம் வாடகை செலுத்துவது. தவணை தீர்ந்ததும் கட்டடம் அரசாங்கத்துக்கே சொந்தமாவது. நம் ஊர்த் தவணை முறை வீட்டைப் போன்றதுதான். 1992-இல் அது எழும்பி முடிந்தது. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் நீக்ரோ நீதிபதியான தர்குட் மார்ஷலின் பெயரை 1993-இல் அதற்குச் சூட்டினார்கள். டிரெட் ஸ்காட் வழக்கை நினைப்பவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாடகைச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. நாடெங்கும் உள்ள மத்திய நீதிமன்றக் கட்டடங்களுக்கு அரசாங்கத்தின் பொதுப் பணி நிறுவனமே சொந்தக்காரர். 1975 முதல் அதற்கு நீதித் துறை வாடகை செலுத்தத் தொடங்கியது. பாரம் தாங்காமல், 2004-இல் வாடகையிலிருந்து பெருந்தொகை விலக்குக் கேட்டது, கிடைக்கவில்லை.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் பிறர் வீட்டில்தான் பிறந்தது. 1950 ஜனவரி 28-ஆம் தேதி, புது டில்லிப் பார்லிமெண்டு மாளிகையில், சமஸ்தானாதிபதிகளின் மண்டபத்தில் அது தொடங்கிற்று. சொந்தக் கட்டடத்துக்குச் சென்றது 1958-இல். அந்த இரவல் மண்டபத்தில் இருந்தபோதே, 1950-இல், சென்னை அரசாங்கம் ஒரு வாரப் பத்திரிகையைத் தடுத்த உத்தரவு செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னையில் வழக்கறிஞராயிருந்து நீதிபதியான பதஞ்சலி சாஸ்திரி. அவர் பிறகு பிரதம நீதிபதியாகி 1954-இல் ஓய்வு பெற்றார். புதுக் கட்டடத்தில் அமரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆகவே நான் காண்பது இதுதான். நீதிபதிக்குத் துணிவைத் தருவது வீடு அன்று. ஹோட்டல் கூடத்தில் அமர்ந்தும் அவர் அஞ்சாமல் பேசலாம். சலவைக்கல் மாளிகையில் அமர்ந்தும் அஞ்சிப் பேசலாம். ஆனால் எல்லா நீதிபதிகளும் மார்ஷல்கள் ஆகிவிட மாட்டார்கள். சாதாரண நெஞ்சுரம் உடைய நீதிபதியும், வழக்காட வந்தவரின் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், அவருடைய அறையின் சாவி அந்த வழக்காளியின் மடியில் இருக்கலாகாது. படையை வைத்திருப்பது அரசாங்கம். பணத்தை வைத்திருப்பது சட்டசபை. நீதிமன்றத்திடம் உள்ளது சொல் ஒன்றே. அந்தச் சொல்லைச் சொல்லுவதற்கு ஒரு சிறு வளையானாலும் தனி வளையாக இருப்பது நல்லதன்றோ?