கல் நின்ற இடமும் சான்றுதான்

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் புஞ்சை வரப்புகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்ற நூல் இவற்றின் மதிப்பை ஆய்வுலகுக்கு உணர்த்தியது. அதற்குப் பிறகும் இந்தப் பக்கத்தில் புதிய கற்கள் வெளிவந்தபடி இருப்பதற்கு உள்ளூர்க்காரர்கள் ஒரு முக்கியக் காரணம். திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம், கிருஷ்ணகிரி மாவட்ட வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழு போன்ற அமைப்புகள் ஊர் ஊராகப் போய்த் தேடுகின்றன. கல்லைக் கண்டுபிடித்ததும் செய்தித்தாளில் படம் வருகிறது. ஆனால் இத்தகைய குழுக்களின் தலையாய பணி கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. கல்லை அது நிற்கும் இடத்திலேயே வைத்து, இடத்தையும் வழக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்வதுதான் அந்தப் பணி என்பது என் வாதம்.

ஒரு நடுகல் நமக்கு எதைத் தருகிறது என்பதற்குச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் ஒன்றே போதும். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்ததை அதன் வட்டெழுத்து வரிகள் சொல்கின்றன. அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல் தனியே குறிப்பிடுகிறது. வீரனின் அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. இதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் வெட்டுவித்த கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்த அரசனின் பெருமையைப் பேசுகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் அந்தக் காலம் முழுமை பெறுகிறது. மாடே செல்வமாக இருந்த ஒரு மேட்டு நிலச் சமூகத்தை, செப்பேடுகளில் இடம்பெற வாய்ப்பே இல்லாத ஓர் எளிய வீரனை, அவனுடைய நாயைப் பெயர் சொல்லிக் காட்டுவது இந்த ஊர்க் கல்தான்.

அத்தகைய கல்லைப் பெயர்த்தால் போவது என்ன? எழுத்து போகாது, அதைச் சூழ்ந்த சான்றுகள் போய்விடும். மேய்ச்சல் காட்டின் ஓரம், பழைய பெருவழி, ஏரி, அருகில் நிற்கும் வேறு கற்கள் ஆகியவை ஆநிரைப் பூசல் எங்கே நடந்திருக்கலாம் என்று ஊகிக்க உதவுகின்றன. வழக்கமும் அப்படித்தான். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாகச் சொல்கிறது. இறந்தவனுக்குப் படையலிட்டுப் போற்றுவது அந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. இன்றும் பல ஊர்களில் இந்தக் கற்களுக்கு வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். இவற்றுள் பலவற்றை நூற்றாண்டுக் கணக்கில் காத்தது எந்தச் சட்டமும் அல்ல, இந்தக் கும்பிடுதான்.

இதற்கு முதல் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. வெட்டவெளியில் நிற்கும் கல்லின் மேல் எண்ணெய் படிகிறது, எனாமல் பெயின்ட் ஏறுகிறது, சிமென்ட் மேடை எழுத்தை விழுங்குகிறது, சாலை விரிவாக்கத்தில் கல்லே காணாமல் போகிறது. அருங்காட்சியகத்தில் இந்தக் கவலை இல்லை என்பார்கள். நியாயம்தான். கும்பிடுவாரில்லாமல் சாலையோரத்தில் சாய்ந்து கிடக்கும் கல்லை எடுத்துக் காப்பாற்றத்தான் வேண்டும், அதுவும் முடிந்தவரை அதே வட்டத்துக்குள். ஆனால் வழிபாட்டில் இருக்கும் கல்லுக்கு மைப்படிதான் முதல் காப்பு. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளங்களில் படிந்துகொள்ளும். மேலே மை ஒற்றினால் கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து தெளிந்து வரும். நாளைக்கே பெயின்ட் அடித்தாலும் அந்தத் தாள் பேசும். அதைக் காட்டி வாசகத்தைப் படித்துச் சொன்னால், எழுத்து மேல் பெயின்ட் அடிக்க ஊராரே யோசிப்பார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. உள்ளூர் ஆர்வலர்கள் எழுத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள், காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள், வீரனைத் தங்கள் சாதிக்காரனாக்கி விடுகிறார்கள் என்பது. இவை நடப்பவைதான். ஆனால் பெருமைப் பேச்சுக்கு மருந்து, வாசிப்பைச் சான்றோடு அச்சில் வைப்பது. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' இதழ் வழியாக இதைச் செய்துவருகிறது. கல்வெட்டின் வாசகம், இருப்பிடம், கண்டறிந்தவர் விவரம் அச்சில் வரும்போது, அடுத்தவர் அதை மறுக்க முடிகிறது. மேடையில் மட்டும் சொல்லப்பட்ட வாசிப்பை யாராலும் திருத்த முடியாது.

இதெல்லாம் அரசின் வேலை அல்லவா என்று கேட்போருக்குக் கீழடி பதில் சொல்லும். அங்கே கிணறு தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்களைப் பற்றி 1970களிலேயே தகவல் சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது 2014–15 பருவத்தில்தான். துறையின் கை நீள்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை ஊரில் ஒருவருடைய குறிப்பு இருக்க வேண்டும். எனவே, ஒரு குழு எத்தனை கல் கண்டுபிடித்தது என்று கேட்பதைவிட, தன் வட்டத்தின் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறதா, மைப்படியின் ஒரு நகலை ஊர் நூலகத்தில் கொடுத்திருக்கிறதா என்று கேட்பதே சரியான அளவுகோல். அது இருந்தால், குழு கலைந்தாலும் அதன் உழைப்பு அடுத்து வருபவருக்குப் பயன்படும்.