உருவப்படமும் பொற்சட்டமும்

உருவப்படமாவது, ஒருவருடைய முகச்சாயலையும் குணவிசேஷத்தையும் ஒருங்கே புலப்படுத்தித் தீட்டப்படும் ஓவியம். அதனைச் சூழும் பொன்ரேக்கு பதித்த மரச்சட்டமோ, அம்முகத்துக்குச் சமூகம் அளிக்கும் கௌரவத்தின் சின்னம்.

19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இவ்விரு கலைகளும் சிறப்புற்று விளங்கின. மிலான் நகரத்துப் பிரேரா கலைக்கழகத்து ஆசிரியர் பிரான்செஸ்கோ ஹயெஸ் (1791–1882), நாவலாசிரியர் மன்சோனியை 1841இல் தீட்டியபோது, ஆடம்பரத்தை விலக்கிச் சிந்தனை ததும்பும் முகத்தையே பிரதானமாக்கினார். ஓவியர் போல்தீனி 1886இல் இசைமேதை வெர்தியை விரைந்த கைவீச்சிலே உயிர்ப்பித்தார். சட்டஞ்செய்வோர் மரத்தைச் செதுக்கி, சுண்ணப்பொடியும் வச்சிரப்பசையும் கலந்து பூசி, அதன்மேல் செங்களிமண் தடவி, பொன்ரேக்கை ஒட்டிக் கல்லால் மெருகேற்றினர். தஞ்சாவூர்ப் படங்களில் சுண்ணத்தால் எழுப்பிய அணிகளின்மீது பொன் பதிப்பதை அறிந்த தமிழர்க்கு இம்முறை அந்நியமன்று. பின்னர், அச்சில் வார்த்த அலங்காரங்களை ஒட்டும் வழக்கம் பரவவே, செல்வர்க்கே உரியதாயிருந்த சட்டம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது.

இம்மரபு கடல் கடந்து இலங்கையையும் எட்டியது. இங்கு ஐரோப்பியச் சித்திரப் பயிற்சிக்கு ஆதாரமாயமைந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று, அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்பு அக்கடமிக்கு ஆசிரியராய் வந்தமை. அவர் நிலக்காட்சி ஓவியரே. பறங்கியரான வன் டோர்ட் (1831–1898) மக்களின் வாழ்க்கையைச் சித்திரித்தார்; முதலியார் அமரசேகர (1883–1983) ஐரோப்பியக் கலைக்கழக மரபில் உருவப்படங்களைத் தீட்டினார். அக்கரையில், திருவிதாங்கூர் ராஜா ரவிவர்மா (1848–1906) எண்ணெய்வர்ண முறையால் மன்னரையும் தேவரையும் ஒருங்கே தீட்டினார். 1894இல் அவர் நிறுவிய அச்சகத்தின் வாயிலாகத் தெய்வத் திருவுருவங்கள், சட்டமிட்ட படங்களாய்ச் சாதாரண இல்லங்களிலும் குடிபுகுந்தன.

மீண்டும் இலங்கைக்கு வருவோமாயின், இலண்டனிற் பயின்ற ஓவியர் டேவிட் பெயின்டர் (1900–1975) இத்தாலிய மரபை நேரிற் கண்டு மீண்டவர். கல்கிசை புனித தோமையர் கல்லூரித் தேவாலயத்துச் சுவரோவியம் அவருடைய கைவண்ணமே. 1943இல் தோன்றிய '43 குழு என்னும் ஓவியர் குழுவினர் பழைய கலைக்கழக நியதிகளைத் துறந்தனராயினும், அக்குழுவின் ஹரி பீரிஸ் (1904–1988) உருவப்படத்தைக் கைவிடாது, அதிகாரச் சின்னமாயிருந்த அதனை மனிதரை மனிதர் அறியும் சாதனமாக்கினார். கொழும்புப் பார்ன்ஸ் பிளேசில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று சபுமல் மன்றமாக விளங்குகின்றது.

புகைப்படம் பெருகியபின் தூரிகையின் இடம் குறுகியது. ஆயினும் கொழும்பு நகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ் இல்லங்களில் மறைந்த பெற்றோரின் படத்துக்குச் சட்டமிட்டு மாலை சூட்டும் வழக்கம் நிலைத்திருக்கின்றது. கடற்காற்றின் ஈரத்தால் மரம் விரிந்து சுருங்கச் சுண்ணப்பூச்சு உரியும் இந்நகரில், பழைய சட்டத்தைக் கழற்றியெறிந்து படத்தை மட்டும் காப்பது பாதிச் சரித்திரத்தை இழப்பதேயாம். இரண்டையும் ஒருங்கே பேணுதல் நம் கடன்.