டுபாயின் ஜமீல் கலை மையம்: எங்கள் குடும்பங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

கொழும்புக்குப் போகும் வழியில் டுபாயில் தங்கும் புலம்பெயர் குடும்பங்கள் பல. அவர்களின் பயணப் பட்டியலில் பெரும்பாலும் உயர்ந்த கோபுரமும் கடைத்தொகுதியுமே இருக்கும். அரை நாளை ஜமீல் கலை மையத்துக்கும் ஒதுக்கலாம்.

அல் ஜதாஃப் நீர்க்கரையில் உள்ள இந்த மையம் 2018 நவம்பரில் திறக்கப்பட்டது. 'ஆர்ட் ஜமீல்' என்ற கலை அமைப்பு இதை நடத்துகிறது. மூன்று மாடிக் கட்டடத்தை வடிவமைத்தவர்கள் 'சீரி ஆர்க்கிடெக்ட்ஸ்' நிறுவனத்தினர். காட்சியறைகளுக்கு இடையே பாலைவனத் தாவரங்கள் வளரும் முற்றங்கள் உண்டு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது.

உள்ளே சட்டமிட்ட ஓவியங்களை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். காணொளி, ஒலி, பழைய ஆவணங்கள், அன்றாடப் பொருட்கள் என எதுவும் படைப்பாகலாம். "இது அழகாக இருக்கிறதா?" என்பதைவிட, "இதை எதனால் செய்தார்கள், எதைக் கேட்கிறார்கள்?" என்று பிள்ளைகளுடன் பேசிப் பார்ப்பது பயன் தரும். விளக்கக் குறிப்புகள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பிள்ளைகள் வாசித்துப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லலாம்.

இத்தகைய கலை எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன், போரினால் இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். அவற்றைத் தொகுத்து 2011இல் வெளியான நூலின் ஆங்கிலத் தலைப்புக்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. உறுதி தொலைந்தவர்களுக்கு, கிணறும் வேலியும் எங்கே இருந்தன என்ற நினைவே பதிவேடானது. கலைக்கூடத்தில் ஒரு வரைபடத்தையோ கடிதக் கட்டையோ கண்டால், இந்த நூலை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

அனுமதி இலவசம். கலை நூல்கள் நிறைந்த நூலகமும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விடுமுறை நாளையும் திறந்திருக்கும் நேரத்தையும் மையத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் அல் ஜதாஃபில் இறங்கி டாக்சி எடுக்கலாம். இன்னொரு நாள் இருந்தால் சார்ஜாவுக்கும் போகலாம். அங்கே 1993 முதல் ஈராண்டுக் கலைவிழா நடக்கிறது. இப்போது அதை நடத்துவது 2009இல் உருவான சார்ஜா கலை அறக்கட்டளை.

திரும்பி வந்ததும் ஒரு தாளையும் பென்சிலையும் அம்மம்மாவிடம் கொடுத்து, ஊர் வீட்டைக் கீறித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். தாளில் திகதியும் ஊரின் பெயரும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.