ஊர்வலமும் ஒலிப்பதிவுக் கூடமும்: ராக் அண்ட் ரோலின் பிறப்பை ஹைதராபாத்தில் நின்று பார்த்தல்

ராக் அண்ட் ரோல் எங்கே, எப்போது பிறந்தது என்று கேட்டால் இசை வரலாற்றாசிரியர்கள் தேதியோடு பதில் சொல்வார்கள். தேதிகள்தாம் ஒத்துப்போவதில்லை. 1951 மார்ச்சில் மெம்பிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் பதிவுசெய்த 'ராக்கெட் 88' தான் முதல் தட்டு என்பது ஒரு கட்சி. ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் வெளிவந்தாலும் அதை வாசித்தது ஐக் டர்னரின் குழு. வழியில் அடிபட்டுப்போன கிட்டார் ஒலிபெருக்கிக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்ததால் வந்த கரகரப்பே பிற்காலத்தில் அந்த இசையின் குரலாயிற்று என்பார்கள். இல்லை, 1949 டிசம்பர் 10 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஃபேட்ஸ் டொமினோ பதிவுசெய்த 'தி ஃபேட் மேன்' முந்தியது என்பது இன்னொரு கட்சி. 1947இல் ராய் பிரவுன் பாடியதைச் சொல்பவர்கள் உண்டு. மின்கிட்டாரோடு தேவாலயப் பாட்டைப் பாடிய சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பின் 1944ஆம் ஆண்டுப் பதிவு வரை பின்னே போகிறவர்களும் உண்டு.

இந்தத் தேதிச் சண்டைக்கு அடியில் எல்லாக் கட்சியும் ஒப்புக்கொள்ளும் கருத்து ஒன்று இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளம், வெள்ளையரின் பாசுரத்தோடும் நாட்டுப்பாட்டோடும் கலந்ததில் இந்த இசை பிறந்தது என்பதே அது. பொய்யில்லை. ஆனால் காரணம் என்று சொன்னால், அதே காரணம் இருந்த வேறிடத்தில் என்ன விளைந்தது என்றும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக்கை மட்டும் கடக்கவில்லை. இந்தியப் பெருங்கடலையும் கடந்தார்கள். தக்காணத்திற்கு வந்தவர்களில் மாலிக் அம்பர் அகமதுநகர அரசையே நடத்தினார். அவருக்கு மிகப் பின்னால் வந்து, ஹைதராபாத்தில் நிஜாமின் குதிரைப்படையில் சேர்ந்த, சித்திகள் எனப்படும் ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மாசப் டாங்க் அருகே ஏ.சி. கார்ட்ஸ் என்ற பகுதியில் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் என்ற படைப்பிரிவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே அந்தப் பேட்டையின் பெயர். அவர்களுடைய தாளம் நகரத்தில் மர்ஃபா என்றும், அதோடு ஆடும் ஆட்டம் தீன்மார் என்றும் வழங்குகிறது. மணமகன் ஊர்வலத்தில் தஃப், மர்ஃபா என்னும் முரசு, டோல், உலோகக் குடம் எல்லாம் சேர்ந்து ஒலிக்க, வாளும் கழியும் சுழற்றி ஆடுவார்கள். பார்க்காஸ் பகுதியில் குடியேறிய ஹத்ரமௌத் அரபுகளின் பங்கும் இதில் உண்டு. சித்தி மக்களைப் பற்றி அபாபு மிண்டா யிமெனே 2004இல் எழுதிய நூல் இந்தச் சமூகத்தை விரிவாக ஆராய்ந்தது.

ஆக, ஆப்பிரிக்கத் தாளம் இருந்தது, பல மொழிகளும் பல சமயங்களும் புழங்கிய நகரம் இருந்தது, கலப்பும் நடந்தது. ராக் அண்ட் ரோல் போல ஒன்று ஏன் ஹைதராபாத்தில் பிறக்கவில்லை?

முதலில் தோன்றும் பதில் கவர்ச்சியானது. அமெரிக்காவில் முரசு தடைசெய்யப்பட்டது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசறைந்து ஆள் திரட்டினார்கள். மறு ஆண்டே இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் கையில் முரசு இருக்கக் கூடாது என்றது. முரசை இழந்த தாளம் கைத்தட்டலுக்கும் தொடைத்தட்டலுக்கும் காலடிக்கும் போயிற்று. பிறகு பாஞ்சோவுக்கும் கிட்டாருக்கும் பியானோவின் இடக்கைக்கும் போயிற்று. சுரம் பேச வேண்டிய கருவிகள் தாளம் பேசக் கற்றுக்கொண்டன. ஹைதராபாத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. இங்கே ஆப்பிரிக்கன் கையில் முரசு இருப்பதற்கு அரசே சம்பளம் கொடுத்தது. முரசு பறிபோகாததால் தாளம் வேறு கருவியைத் தேடிப் போகவில்லை, முரசாகவே நின்றுவிட்டது. இப்படிச் சொல்லி முடித்தால் கட்டுரை அழகாக முடியும்.

ஆனால் நியூ ஆர்லியன்ஸ் இந்த வாதத்தைக் குலைத்துவிடுகிறது. முதலில் பிரெஞ்சுக்காரர்களும் பிறகு ஸ்பானியரும் ஆண்ட அந்த நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் காங்கோ சதுக்கத்தில் கூடி முரசடித்து ஆட இடமிருந்தது. அங்கிருந்துதான் ஊர்வல மரபு வளர்ந்தது: சவ ஊர்வலம் கல்லறை வரை சோகமாகப் போய், திரும்பும்போது பித்தளை வாத்தியமும் முரசும் துள்ள, பின்னால் ஊர்மக்கள் ஆடிக்கொண்டு வருவார்கள். ராக் அண்ட் ரோலின் அடி, அதாவது நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதும் நான்காவதும் அழுந்தி விழும் அடி, தட்டில் உறுதியாகக் கேட்கத் தொடங்கியதில் பெரும்பங்கு இந்த ஊர்வல நகரத்துக்கு உண்டு. டொமினோவின் 'தி ஃபேட் மேன்' பதிவிலும், 1955 செப்டம்பரில் லிட்டில் ரிச்சர்ட் பாடிய 'டூட்டி ஃப்ரூட்டி' பதிவிலும் முரசு வாசித்தவர் ஒருவரே: அந்த ஊரின் ட்ரெமே பேட்டையில் வளர்ந்த எர்ல் பால்மர். முரசு தடைசெய்யப்பட்ட மாநிலத்திலிருந்து வராமல், முரசு அனுமதிக்கப்பட்ட நகரத்திலிருந்து அந்த அடி வந்தது. தடையைக் காரணமாக்கும் விளக்கம் ப்ளூஸ் கிட்டாருக்குப் பொருந்தலாம். ராக் அண்ட் ரோலுக்குப் போதாது.

ஆகவே ஹைதராபாத்தோடு ஒப்பிடத் தகுந்த நகரம் மெம்பிஸ் அன்று, நியூ ஆர்லியன்ஸ். இரண்டிலும் ஆப்பிரிக்கத் தாளம் தெருவில் ஊர்வலமாக உயிர்த்திருந்தது. சமயமும் இனமும் பாராமல் ஊரே அதற்கு ஆடியது. வேறுபாடு நான் காணும் வரையில் ஒரு கட்டடத்தில் இருக்கிறது. காங்கோ சதுக்கத்தின் ஓரமாக ஓடும் ராம்பார்ட் தெருவில் ஜே அண்ட் எம் என்றொரு கடை இருந்தது. அதன் பின்னறையில் 1945இல் கோசிமோ மட்டாஸா ஒலிப்பதிவுக் கருவி வைத்தார். மேலே சொன்ன ராய் பிரவுன், டொமினோ, லிட்டில் ரிச்சர்ட் பதிவுகள் மூன்றும் மட்டாஸாவின் கையில் நடந்தவை. ஊர்வலத்தில் வாசிப்பவன் நடந்தே வந்துவிடும் தூரத்தில் பதிவுக்கூடம் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

அந்தக் கடையும் தானாக வந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது தட்டு வார்க்கும் அரக்குக்குத் தட்டுப்பாடு. 1942 முதல் 1944 வரை இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கு வரமாட்டோம் என்று நடத்திய வேலைநிறுத்தம் வேறு. பெரிய கம்பெனிகள் தங்களிடம் இருந்த பொருளை விலைபோகும் சந்தைக்கே செலவிட்டு, கறுப்பர் சந்தையைக் கைவிட்டன. அந்த இடத்தில் கிங், ஸ்பெஷாலிட்டி, இம்பீரியல், அட்லாண்டிக், செஸ் என்று சின்னக் கம்பெனிகள் முளைத்தன. அவற்றை நடத்தியவர்களில் பலர் தட்டுக் கடையோ, காசு போட்டால் பாடும் பெட்டித் தொழிலோ வைத்திருந்தவர்கள். எந்த அடி காசைக் கறக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். 1949இல் பில்போர்டு இதழ் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தலைப்பை விட்டுவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பெயர் மாற்றியது. அதே காலத்தில் மெம்பிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி கறுப்பு நேயர்களுக்கென்றே ஒலிபரப்பத் தொடங்கியது. 1951இல் க்ளீவ்லாந்தில் ஆலன் ஃப்ரீட் அதே தட்டுகளை இரவில் போட, வெள்ளை இளைஞர்களும் கேட்டார்கள். சாம் ஃபிலிப்ஸின் கூடத்தில் ஏறக்குறைய நான்கு டாலர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தன் குரலைத் தட்டில் பதிந்துகொள்ளலாம்; 1953இல் எல்விஸ் பிரெஸ்லி என்ற பையன் அப்படித்தான் உள்ளே வந்தான். ஆர்தர் க்ரூடப் 1946இல் பதிந்த பாட்டை அவன் 1954 ஜூலையில் பாடியதும், க்ரூடப்புக்குச் சேர வேண்டிய பணம் சேராமல் போனதும் எல்லாரும் அறிந்த கதை. இந்தத் தொழிலில் திருட்டு விதிவிலக்காக இருக்கவில்லை.

ஹைதராபாத்தில் இவை எதுவும் இல்லை. இந்தியாவில் தட்டுத் தொழில், கல்கத்தாவின் டம்டமில் ஆலை வைத்திருந்த கிராமபோன் கம்பெனியின் கையில் ஏறக்குறைய ஏகபோகமாக இருந்தது. எண்பதுகளின் ஒலிநாடாதான் அந்தப் பிடியைத் தளர்த்தியது என்பதைப் பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய நூல் விரிவாகக் காட்டுகிறது. ஒரு பேட்டையின் தாளத்தைப் பதிந்து அதே பேட்டைக்கு விற்கும் சின்னக் கம்பெனிக்கு அன்று இங்கே இடமில்லை. நிஜாமின் டெக்கான் ரேடியோ 1950இல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் அமைச்சர் கேஸ்கர் வந்து திரைப்பாட்டையே வானொலியிலிருந்து விரட்டினார். அப்படிப்பட்ட வானொலியில் ஊர்வல முரசுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு, 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாமின் ஆட்சி முடிந்ததும் குதிரைப்படையும் கலைந்தது. சம்பளத்தை இழந்த சித்தி குடும்பங்களுக்குத் திருமண ஊர்வலமே பிழைப்பு ஆயிற்று. ரிதம் அண்ட் ப்ளூஸ் வணிகமாகத் திரண்ட அதே ஆண்டுகளில் மர்ஃபா நாள்கூலியாகச் சுருங்கியது.

ஹைதராபாத்திலிருந்து ராக் அண்ட் ரோலுக்குப் போன வழி வேறொன்று. அதுவும் இந்த வாதத்தையே உறுதிசெய்கிறது. சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையரில் மூத்தவரான சங்கர் சிங் ரகுவன்ஷி ஹைதராபாத்தில் வளர்ந்து தபேலா கற்றவர். நடனக் குழுவில் சேர்ந்து, பம்பாய் போய், பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவில் தாளம் வாசித்து, 1949இல் 'பர்சாத்' படத்தின் வழியே புகழ் பெற்றார். 1955இல் 'ஸ்ரீ 420' படத்தின் 'ராமய்யா வஸ்தாவய்யா' தெலுங்கில் தொடங்குவதற்கு அவருடைய ஹைதராபாத் பின்புலமே காரணம் என்று சொல்வார்கள். பத்தாண்டு கழித்து 'கும்நாம்' படத்தில் முகமது ரஃபி பாடிய 'ஜான் பெஹ்சான் ஹோ', இந்தியாவில் பிறந்த ராக் அண்ட் ரோலில் வெளிநாட்டார் அதிகம் அறிந்த துண்டு. 2001இல் வந்த 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற அமெரிக்கப் படம் அந்த ஆட்டக் காட்சியோடுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பே 1957இல் 'ஆஷா' படத்தில் சி. ராமச்சந்திரா 'ஈனா மீனா டீக்கா' போட்டுவிட்டார். மறு ஆண்டு 'பதிபக்தி'யில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் சந்திரபாபு ராக் அண்ட் ரோலைப் பெயர் சொல்லியே பாடினார். இவையெல்லாம் கோவா வாத்தியக்காரர்களும் பெரிய பதிவுக்கூடங்களும் இருந்த பம்பாயிலும் சென்னையிலும் நடந்தவை. சங்கரின் பாட்டில் மர்ஃபாவைத் தேடுவது வீண். ஊரிலிருந்து வாசிப்பவன் வண்டியேறினான். ஊர்வலம் ஊரிலேயே தங்கிவிட்டது.

செகந்திராபாத்தையும் விட்டுவிட முடியாது. கன்டோன்மென்டும் லாலாகுடா ரயில்வே குடியிருப்பும் இருந்த அந்த ஊரின் ஆங்கிலோ–இந்தியர்கள், மற்ற ரயில்வே ஊர்களில் போலவே, இன்ஸ்டிட்யூட் நடனங்களில் மேற்கத்திய இசைக்கு ஆடியவர்கள். ரேடியோ சிலோனிலும் தட்டிலும் திரைப்படத்திலும் வந்த ராக் அண்ட் ரோல் அவர்களுக்குச் செய்து முடித்த சரக்காகக் கிடைத்தது. ஹுசைன் சாகருக்கு அந்தப் பக்கம் ஏ.சி. கார்ட்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து இரு வேறு கடல் வழியாக வந்த தாளங்கள் சில மைல் இடைவெளியில் ஒலித்திருக்கின்றன. அவை சந்திப்பதற்கு ஒரு பதிவுக்கூடம் தேவைப்பட்டது.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கெர்ஹார்ட் கூபிக் 1999இல் எழுதிய நூலில் ப்ளூஸின் வேர்களை மேற்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டுச் சவன்னா நிலங்களில் தேடுகிறார். ஹைதராபாத் சித்திகளோ கிழக்கு ஆப்பிரிக்க வழியினர். விதையே வேறாக இருக்கும்போது பயிரை எப்படி ஒப்பிடுவது? நியாயமான கேள்வி. தீன்மாரின் பெயரில் மூன்று இருக்கிறது, நியூ ஆர்லியன்ஸ் தாளத்திலும் மூன்று அடிக் கோவை ஒன்று இருக்கிறது என்பதால் இரண்டும் உறவு என்று சொல்ல எனக்கும் துணிவில்லை. ஆனால் என் வாதத்திற்கு விதை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆப்பிரிக்கத் தாளம் என்ற பேச்சே இல்லை. சாவு ஊர்வலத்தின் பறையும், வடசென்னைக் கானாவும் கோடம்பாக்கத்துப் பதிவுக்கூடங்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருந்தன. தொண்ணூறுகளில் தேவாவின் பாட்டுகள் வழியே அந்த அடி தமிழ்நாடு முழுக்கப் போய், குத்துப்பாட்டு என்று தனி வகையே ஆயிற்று. எந்தக் கண்டத்தின் தாளம் என்பதைவிடக் கூடத்துக்கு எவ்வளவு அருகே என்பதே அங்கும் தீர்மானித்தது.

ஹைதராபாத்திலும் பிறகு இது நடந்தது, தாமதமாக. அன்னபூர்ணா ஸ்டுடியோ 1976இல் தொடங்கியது. ராமோஜி திரைப்பட நகரம் 1996இல் வந்தது. படப்பிடிப்பு வந்த வேகத்தில் பாடல் பதிவு வரவில்லை. தெலுங்குப் படங்களின் பாட்டு நெடுங்காலம் சென்னையிலேயே தயாரானது. அது மெல்ல நகர்ந்த பிறகு தீன்மார் அடி தெலுங்குத் திரைப்பாட்டில் சர்வசாதாரணமாகிவிட்டது. 2011இல் பவன் கல்யாணின் படம் ஒன்றுக்கே அது பெயராக வந்தது. போனாலு திருவிழாவிலும் விநாயகர் ஊர்வலத்திலும் டிஜே பெட்டிகளில் அதிர்வதும் அதே அடிதான். ஆனால் அதற்குள் தாளம் வாசிக்க ஆள் தேவையில்லாத காலம் வந்துவிட்டது. எர்ல் பால்மரைக் கூடத்துக்குள் அழைத்தாக வேண்டியிருந்தது. தீன்மாரைக் கணினியின் விசைப்பலகையில் தட்டி எடுத்துக்கொள்ளலாம். ஊர்வலமும் கூடமும் எவ்வளவு அருகே இருந்தன என்பதோடு, அருகே வந்த நேரத்தில் கூடத்துக்குள் மனிதக் கை வேண்டியிருந்ததா என்பதையும் இந்த வாதத்தோடு சேர்க்க வேண்டும். ராக் அண்ட் ரோலில் கறுப்புக் கலைஞர்கள் ஏமாற்றப்பட்டார்கள், ஆனாலும் பெயர் தட்டில் இருந்தது. வழக்குப் போடவும் வரலாறு எழுதவும் அந்தப் பெயர் உதவியது.

அப்படிப் பார்த்தால், முதல் தட்டு எது என்று சண்டையிடுபவர்கள் தோன்றுகிற அளவுக்கு அசட்டுத்தனமானவர்கள் அல்லர். ராக் அண்ட் ரோல் தட்டாகவே பிறந்த இசை. அதற்குப் பதிவுத் தேதி கேட்பது பொருத்தமே. மர்ஃபாவுக்கு அப்படி ஒரு தேதியைக் கேட்க முடியாது. ஆனால் அதற்கும் பதிவுகள் இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: எண்பதுகளிலிருந்து வீட்டுக்கு வீடு எடுக்கப்பட்ட கல்யாண வீடியோ கேசட்டுகள். மணமகன் ஊர்வலத்தை விட்டுவிட்டு யாரும் கல்யாண வீடியோ எடுப்பதில்லை. பழைய நகரத்திலும் ஏ.சி. கார்ட்ஸிலும் பார்க்காஸிலும் அலமாரிகளில் கிடக்கும் அந்தக் காந்த நாடாக்கள் ஈரத்திலும் பூஞ்சையிலும் அழிந்துவருகின்றன. வாசித்தவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றை எண்மமாக்கி, யார் எந்த முரசு வாசித்தார் என்று குறித்து வைக்கும் வேலையை உஸ்மானியாவிலோ ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலோ ஒரு துறை மேற்கொள்ளலாம்.