பணக்கார வியாதி

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நீரிழிவுக்கு நெடுங்காலமாக ‘பணக்கார வியாதி’ என்ற பெயர் வழங்கி வந்தது. பஞ்சு வியாபாரிக்கும் ஜவுளிக்கடை முதலாளிக்கும் வக்கீலுக்கும் வருகிற சீக்கு அது. கம்பங்கூழைக் குடித்துவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போகிறவனை அது எட்டிக்கூடப் பார்க்காது என்பது ஊரார் நம்பிக்கை. வியாதிக்கும் அந்தஸ்துப் பார்க்கத் தெரியும் என்று நினைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த நம்பிக்கையில் உண்மையும் இருந்தது. இன்று அது பொய்யாகிவிட்டது. எப்படிப் பொய்யாயிற்று என்பது ஒரு சுவையான சரித்திரம். அதில் வெளிநாட்டு ஆராய்ச்சிசாலைகளும் வருகின்றன. நம் ஊர் ரேஷன் கடையும் வருகிறது.

நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் பழைய வைத்தியர்களே கவனித்திருக்கிறார்கள். பிறவியோடு வருவது ஒன்று, உணவாலும் நடத்தையாலும் வருவது ஒன்று என்று சுசுருதர் இதை இரண்டாகப் பிரித்தார். முந்தியதில் ஆள் மெலிவான், பிந்தியதில் பருத்திருப்பான் என்பது அவர் கணக்கு. ஆனால் உடம்புக்குள் எந்த உறுப்பு பழுதாகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் யாருக்கும் விளங்கவில்லை. 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர், இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில் சின்னஞ்சிறு தீவுகளைப் போன்ற திட்டுகளைக் கண்டார். 1889-இல் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்துவிட்டது. 1921-இல் கனடாவிலுள்ள டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் அந்தத் தீவுகளின் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். மறு வருஷம் ஜனவரியில், சாகக் கிடந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அது ஊசி மூலம் ஏற்றப்பட்டது. பையன் பிழைத்தான். தீவு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அந்தச் சாரத்துக்கு இன்சுலின் என்று பெயர் வைத்தார்கள்.

பையன் பிழைத்த அதிசயத்தைக் கண்டவர்கள் ஒரு முடிவுக்கு வந்தது இயற்கைதான். இன்சுலின் குறைந்தால் நீரிழிவு. ஆகவே நீரிழிவு என்றாலே இன்சுலின் குறைவு! சுசுருதர் பிரித்த இரண்டு வகைகளும் ஒன்றாகிவிட்டன. 1936-இல் ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய டாக்டர், சில நோயாளிகளின் உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று எடுத்துக் காட்டினார். ஆனாலும் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கச் சரியான வழி அப்போது இல்லை.

அந்த வழியைக் கண்டுபிடித்தவர் நியூயார்க்கில் இருந்த ரோசலின் யாலோ என்ற பெண்மணி. சாலமன் பெர்சன் என்ற டாக்டரோடு சேர்ந்து, கதிர்வீசும் அயோடினை இன்சுலினோடு இணைத்து, ரத்தத்திலுள்ள மிக நுண்ணிய அளவையும் கணக்கிட்டார். 1960-இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. நடுவயதில் நீரிழிவு வந்தவர்கள் பலரின் ரத்தத்தில் இன்சுலின் குறையவில்லை; வேண்டிய அளவு இருந்தது, சிலருக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது. இந்த அளவைமுறைக்காக யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். கூட உழைத்த பெர்சன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

இன்சுலின் நிறைய இருந்தும் சர்க்கரை ஏன் ஏறுகிறது? பண்ணையில் ஒரு காரியஸ்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்குத் தானியம் வந்ததும், “குதிரைத் திற, உள்ளே கொட்டு” என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், வேலை நடக்கும். நாளடைவில் ஆட்கள் காது கொடுப்பதில்லை. காரியஸ்தர் இரண்டு மடங்கு சத்தம் போடுகிறார். வேலை எப்படியோ நடந்து விடுகிறது. பல வருஷம் இப்படிக் கத்திக் கத்தி ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிப் போகிறது. அன்றைக்குத்தான் தானியம் களத்தில் கிடந்து வீணாகிறது. நமக்கு நீரிழிவு என்று டாக்டர் சொல்வது அந்த நாளில்தான். ஆனால் அதற்கு முந்திய வருஷங்களில் கேட்ட கூச்சலும் சும்மா போகவில்லை. சர்க்கரை விஷயத்தில் செவிடாகிவிட்ட உடம்பு வேறு சில விஷயங்களில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரல் ரத்தத்தில் கொழுப்பை இறக்குகிறது. இப்படி உயர்ந்த இன்சுலின், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, மாரடைப்பு எல்லாம் ஒரு குடும்பத்து உறவினர்கள் என்று 1988-இல் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்கர் எடுத்துச் சொன்னார். சர்க்கரை ஏறுவதற்கு வெகு நாள் முன்பே இருதயத்துக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பதுதான் இதன் சாரம்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1991-இல் லண்டனில் குடியேறியிருந்த இந்தியத் துணைக்கண்டத்து மக்களையும் அங்குள்ள வெள்ளையரையும் ஒப்பிட்டு மக்கீக் என்பவரும் சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வெள்ளையரில் நூற்றுக்கு நான்கு பேருக்கு நீரிழிவு. நம்மவரில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர்! நம்மவர் ரத்தத்தில் இன்சுலின் அதிகம். கொழுப்பு இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தது.

வெளிநாட்டுச் சாப்பாடும் சொகுசும் செய்த வேலை என்று இதைத் தள்ளிவிடலாமா? முடியாதபடி செய்துவிட்டார் புணே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். அந்நகருக்குப் பக்கத்தில் ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளை 1993 முதல் அவர் பரிசோதித்து வந்தார். சோளம் விளைகிற தக்காணத்து மேட்டுப் பூமி அது. நம் கரிசலுக்குச் சகோதரி என்றே சொல்லலாம். இங்கிலாந்துக் குழந்தை மூன்றரைக் கிலோ இருந்தால் இந்தக் குழந்தை 2.7 கிலோதான். தசை குறைவு; ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோது இன்சுலின், லண்டனில் பிறந்த வெள்ளைக் குழந்தைகளைவிட அதிகமாகவே இருந்தது. பட்டினியும் உழைப்புமாக இருந்த தாய் வயிற்றிலேயே காரியஸ்தர் குரலை உயர்த்தத் தொடங்கிவிட்டார்!

கருவில் சத்துக் குறைந்த உடம்பு, கிடைத்ததைச் சேமித்து வைக்கப் பழகிக்கொள்கிறது என்று ஹேல்ஸும் பார்க்கரும் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பஞ்சம் நீடிக்கிற வரையில் அந்தப் பழக்கம் வரம். சோறு தாராளமாகக் கிடைக்கிற காலத்தில் அதுவே சாபம்.

கரிசல் பூமியின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. மழை பெய்தால் காலைக் கவ்வும், வெயிலடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. ஆற்றுப் பாசனம் இல்லை. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை மறந்துவிட முடியாது. கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாட ஆகாரம். அவற்றை உரலில் போட்டுக் குத்திப் புடைத்து எடுப்பதற்குள் பெண்களுக்கு முதுகு ஒடிந்துவிடும். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். பிறகு மில் அரிசி வந்தது, ரேஷன் வந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011-இலிருந்து இலவசமாகவும் கார்டுக்காரர்களுக்கு அரிசி கிடைத்தது. பசியைப் போக்கிய அரிசி அது. அதைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் தவிடு போன அரிசி சீக்கிரமாகச் சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்குகிறது. அதே காலத்தில் உரல் மூலைக்குப் போயிற்று; உழவுக்கு டிராக்டர் வந்தது; காட்டு வேலைக்குப் போன பெண்கள் தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். உழைப்புக் குறைந்தது, சோறு கூடிற்று, உடம்பு மட்டும் பஞ்ச காலத்து உடம்பாகவே இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 1992-இல் வெளியான சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வில் நகரத்துப் பெரியவர்களில் நூற்றுக்கு 8.2 பேருக்கு நீரிழிவு, கிராமத்தில் 2.4 பேருக்குத்தான். அன்றைக்கு ‘பணக்கார வியாதி’ என்ற பெயர் ஓரளவு பொருந்திற்று. 2011-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே அது 7.8 ஆகிவிட்டது. இருபது வருஷத்தில், கிராமம் பழைய நகரத்தைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது.

ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு எப்படிச் சுகர் வரும் என்று கேட்கிறவர்களை இன்றும் கிராமத்தில் பார்க்கிறேன். கைகால் குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் சற்று முன்னே தள்ளியிருக்கும். ஆபத்து அந்த வயிற்றில் இருக்கிறது. இன்சுலினை அளந்து பார்ப்பது சாதாரணப் பரிசோதனையில் இல்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80-க்கும் மேல் போனால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் காரியஸ்தருக்குத் தொண்டை கட்டிய பிறகு வருகிற மாத்திரை அது. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, தையற்காரரின் அளவு நாடாவைக் கொண்டு இடுப்பை அளந்து பார்க்க ஒரு பைசாவும் செலவில்லை. பணக்காரர்களுக்கு வருகிற வியாதி நமக்கெதற்கு என்று அதை ஒத்திப் போடுகிறவர்கள், அந்தப் பழைய பெயருக்குத் தங்கள் இருதயத்தையே விலையாகக் கொடுக்கிறார்கள்.