நான்கு இரவுகளின் நாதம்

சான்பிரான்சிஸ்கோ நகரில், மார்க்கெட் வீதியும் வான்நெஸ் வீதியும் கூடுமிடத்தில், மாடிமேல் அமைந்த பழைய நடன மண்டபம் ஒன்று இருந்தது. 1968-ஆம் ஆண்டின் முற்பகுதியில் சில இசைக்குழுவினர் தாமே கூடி அதனைக் 'கரூசல்' என்ற பெயருடன் நடத்திப் பார்த்துப் பொருள் நஷ்டமுற்றுக் கைவிட, பில் கிரகாம் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் அதை ஏற்று 'ஃபில்மோர் வெஸ்ட்' ஆக்கினார். நஷ்டமுற்றவர்களுள் ஒரு குழுவினரான 'கிரேட்ஃபுல் டெட்', மறு ஆண்டு பிப்ரவரி 27 முதல் மார்ச் 2 வரை நான்கு இரவுகள் அதே மண்டபத்தில் வாசித்தனர். சைக்கடெலிக் ராக் இசையின் சரித்திரத்தில் அவ்விரவுகளுக்குத் தனி ஸ்தானம் உண்டு.

அக்காலத்தில் இக்குழுவினர் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் பெருங்கடன் பட்டிருந்தனர். 'ஆக்ஸோமாக்ஸோவா' என்ற தட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் திருத்தித் திருத்திப் பதிவுசெய்ததில் செலவு பெருகிப்போயிற்று. ஆனால் அவர்களுடைய உண்மையான ஆற்றலோ, கூடத்தின் சுவர்களுக்குள் அடங்காமல், ரசிகர் முன்னிலையில் இரவு முழுதும் ஒரு பாட்டிலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றிச் சஞ்சரிக்கும் மனோதர்மத்திலேயே இருந்தது. கச்சேரியைப் பதிந்து தட்டாக்கினால் செலவும் குறையும், மெய்யான ஸ்வரூபமும் வெளிப்படும் என்ற இரட்டைப் பிரயோஜனமே 'லைவ்/டெட்' என்ற இரட்டைத் தட்டு பிறக்கக் காரணம்.

பதினாறு தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவி அப்போது புதுமையிலும் புதுமை. அதனை ஒலிப்பதிவாளர்களான பாப் மாத்யூஸும் பெட்டி கான்டரும் கச்சேரி மேடைக்கே கொண்டுவந்தார்கள். ஒரே ஒலிவாங்கியிலிருந்து ஒலிபெருக்கிக்கும் நாடாவுக்கும் தரம் குன்றாமல் நாதத்தைப் பிரித்தளிக்கும் சாதனத்தை ரான் விக்கர்ஷாம் செய்துகொடுத்தார். திரைமறைவில் உழைத்த இவர்களையும் வித்வான்களோடு சேர்த்தே நினைப்பதுதான் நியாயம்.

'டார்க் ஸ்டார்' என்ற பாடலைப் பாருங்கள். 1968-இல் சிறிய தட்டாக வந்தபோது அது மூன்று நிமிஷத்துக்கும் உட்பட்டது; பிப்ரவரி 27 இரவில் அதுவே இருபத்துமூன்று நிமிஷமாக விரிந்தது. குழுவின் ஜெரி கார்சியாவுடைய கிட்டார் ஒரு சிறு ஸ்வரக்கோவையைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்லத் தொலைவு செல்ல, ஃபில் லெஷின் பேஸ் கிட்டார் அதன்கீழ் வேறொரு பாதை வகுத்துச் செல்லும் அழகு, ராக ஆலாபனையில் தோய்ந்த செவிகளுக்கு அந்நியமாகத் தோன்றாது. பதினோரு மாத்திரைக் கணக்கில் அமைந்த 'தி இலெவன்' அதற்கும் ஒரு படி மேல்; குழுவின் தாளவாத்தியக்காரருள் ஒருவராகிய மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர் என்பதையும் இங்கே நினைக்கத் தகும்.

1969 நவம்பரில் வெளிவந்த இரட்டைத் தட்டு இந்நான்கு இரவுகளுள் சிலவற்றிலிருந்தும், ஜனவரியில் அவலான் மண்டபத்தில் பதிந்ததிலிருந்தும் தேர்ந்தெடுத்துத் தொடுத்தது. ஏழே உருப்படிகள், எஞ்சியவை பெட்டகத்துக்குள் போய்விட்டன. 1995-இல் கார்சியா காலமாகிப் பத்தாண்டு கழித்து, 2005-இல், நான்கு இரவுகளும் முழுமையாகப் பத்துக் குறுந்தட்டுகளில், பத்தாயிரம் பிரதிகள் மட்டும் என்ற வரையறையுடன் வெளியிடப்பட்டன. நான்கு இரவிலும் 'டார்க் ஸ்டார்' வாசிக்கப்பட்டிருக்க, ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்பதை இப்பதிப்பில் கேட்டறியலாம்.

தேர்ந்தெடுத்துத் தொடுத்ததற்கு ஓர் அழகு உண்டு. அதனை இந்த விரிவான பதிப்பு அழித்துவிடவில்லை. ஆயினும் மனோதர்ம சங்கீதத்தின் பெருமை, சிறந்த ஒரு வாசிப்பைக் கேட்பதால் மாத்திரம் விளங்குவதன்று. தடுமாறிய இடங்களும், தேடிக் கிடைக்காமற்போன வழிகளும் உடன் கேட்கப்படவேண்டும். ஆதலால் இவ்விசைக்குப் புதிதாக வருவோர் இரட்டைத் தட்டை முதலில் கேட்டு, பின்னர் நான்கு இரவுகளையும் வரிசை பிறழாமல், அவசரமின்றிக் கேட்பார்களாக.